அண்டா வீட்டார்

என் மூத்த மகள் புத்தகத்தை எடுத்து வாசித்தால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். வெறும் சத்தம் இல்லை, சுத்தமான வாசிப்பு. ழகரம் ழகரமாக வரும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், கேள்விக்குறி வந்தால் குரலைத் தூக்குவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் விடமாட்டேன். "ஏட்டி, அந்தப் புஸ்தகத்தை எடுத்து ரெண்டு பக்கம் வாசி" என்பேன். வந்தவர்கள் காப்பி ஆறும்வரை கேட்டுவிட்டு, அஞ்சாங்கிளாஸ் பிள்ளையா இப்படி வாசிக்குது என்பார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

இந்தப் பெருமை எனக்கு வேலையில் வந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ் டைப் அடிக்கிறேன். மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எது வந்தாலும் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பேன். ஒரு பிழை வராது. எந்தக் கடை போர்டிலாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் அதைக் கடந்து போகிற வரைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளை தப்பில்லாமல் வாசிக்கிறது என்றால் பெருமை வராமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரர் சமையல் மாஸ்டர். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கரண்டி பிடித்தவர். கடம்பூர், கயத்தாறு, நாகலாபுரம் என்று எங்கே விசேஷம் என்றாலும் அவருக்கு அழைப்பு வரும். முகூர்த்த மாதங்களில் மூன்று நாள், நான்கு நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். வந்தால் சட்டையெல்லாம் புகை வாசனையாக இருக்கும். வாசிப்பு என்று எடுத்துக்கொண்டால், விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் போவார். பத்திரிகையில் மண்டபம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். பிடுங்கி நானே வாசித்துவிடுவேன். பிள்ளைகள் படிப்பு என் இலாகா, அண்டா குண்டா அவர் இலாகா என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்துவந்தது.

இப்படி இருக்கும்போதுதான் தை மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பரிசு ஏதாவது கொடுக்கப்போகிறார்களோ என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

டீச்சர் நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "உங்க மக வாசிக்கதக் கேக்க ஆசையா இருக்கும்மா. ஆனா வாசிச்சது என்னன்னு கேட்டா சம்பந்தமில்லாமப் பதில் சொல்லுதா. இதைப் பாருங்க." ஒரு விடைத்தாளைக் காட்டினார். ஒரு பத்தி கொடுத்து அதற்குக் கீழே ஐந்து கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஐந்துக்கும் நேராகச் சிவப்புக் கோடு. மேலே ஒரு வட்டம், அதற்குள் பூஜ்யம். அந்த வட்டத்தைப் பார்த்தபிறகு என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. என் பிள்ளை என்ன எழுதியிருந்தாள் என்று ஒரு வரி வாசித்திருந்தால்கூடப் போதும், பின்னால் நடந்த பாதிக் கூத்து நடந்திருக்காது.

"புரியாம வாசிக்க பிள்ளைங்களை மத்தியானத்துல ஒரு மணி நேரம் மூணாங்கிளாஸோட உக்கார வச்சுப் பயிற்சி குடுக்கப் போறோம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கேட்டுப் பாப்பேன். தேறிட்டான்னா வேண்டாம்" என்றார்.

மூன்றாம் வகுப்பில்தான் என் இளைய மகள் இருக்கிறாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, எம் பெஞ்சுல எடம் இருக்கு. நான் ஒனக்குப் புடிச்சு வைக்கேன்" என்றாள். அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் மூத்தவளுக்கு அதைத் தாங்கமுடியவில்லை. பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "தங்கச்சி பெஞ்சுல உக்காரணும்னா நான் பள்ளிக்கூடமே போவல" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னால் செய்கிற ரகம். அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். டீச்சரிடம் அந்தப் பத்தியை வாங்கிவந்து எங்கள் கடையில் பத்து ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு தாளில் புரியாதது பத்துத் தாளில் புரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. சாயங்காலம் ஆனதும் செல்போனில் நேரம் வைப்பேன். வாசி என்பேன். முடித்ததும் மறுபடி வாசி என்பேன். "பதில் வேற எங்கயும் இல்ல, இதுக்குள்ளதான் கெடக்கு. கண்ணைத் தொறந்து பாரு" என்பேன். ஒரு நாள் தொடையில் கிள்ளியும் விட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது.

ஒரு வாரத்தில் அந்தக் குரல் சுருங்கிப்போயிற்று. அடுத்த தெருவுக்குக் கேட்ட குரல் அடுப்படிக்குக் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதைப் புத்தகத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தேர்வில் தேறுகிறாளோ இல்லையோ, பிள்ளை இனிமேல் புத்தகத்தையே தொடமாட்டாளோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் நாகலாபுரத்திலிருந்து வந்தார். கல்யாண வீட்டில் மிஞ்சிய காய்கறியை மாஸ்டருக்குப் பையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அன்றைக்குச் சின்ன வெங்காயம். குளித்துவிட்டுச் சாப்பிட்டவர், படுக்காமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அதை உரிக்க ஆரம்பித்தார். அவர் கைக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளாது. நான் போனில் நேரம் வைத்தேன். மகள் அந்தத் தாளை எடுத்து முணுமுணுவென்று வாசித்தாள்.

"அண்டை வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தனர். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அம்மா தோசை வார்த்தாள். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். மாவு தீர்ந்துவிட்டது. அம்மா தெருக்கோடிக் கடைக்குப் போய் மாவு வாங்கிவந்தாள்."

"நிறுத்து தாயி" என்றார் அவர். "எத்தனை பேரு வந்தாவ?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. அவர் எங்கே போனாலும் முதல் கேள்வி இதுதான். கல்யாணத் தேதியைச் சொன்னால் எத்தனை பேரு, காதுகுத்து என்றால் எத்தனை பேரு. ஒரு தடவை துஷ்டி வீட்டில், பிணத்தை எடுக்கும் முன்னாலேயே கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இது என்ன கல்யாண வீடா? அவளை வாசிக்க விடுங்க. நேரம் ஓடுது."

"நேரம் ஓடட்டும். எத்தனை பேருன்னு தெரியாம மாவு ஏன் தீந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றவர் மகளிடம் திரும்பி, "நீ சொல்லு. எத்தனை பேரு?" என்றார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "ஒரு ஆளு" என்றாள்.

"யாரு?"

"அப்பா."

நான் வாயைத் திறந்தேன். அவர் வெங்காயக் கத்தியை லேசாகத் தூக்கி என்னை அடக்கினார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ரசத்தில் எது கூடிப்போனது என்று யாராவது சொன்னால் கேட்பாரே, அந்த முகம். "அப்பான்னு எங்கன போட்டிருக்கு? எனக்குக் காட்டு" என்றார்.

அவள் தாளை அவர் பக்கமாக நகர்த்தி, முதல் வார்த்தையில் விரலை வைத்தாள். "அண்டை வீட்டார். வீட்டார்னா வீட்டுக்காரவியதான? நம்ம வீட்டுல அண்டா வச்சிருக்கது நீங்கதான?"

பின்வாசலில் எங்கள் அண்டாக்கள் பெரியதும் சின்னதுமாகக் கவிழ்த்துக் கிடந்தன. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை அவற்றைத்தான் பார்த்து வளர்கிறாள். அண்டை வீட்டார் என்று எங்கள் தெருவில் யாராவது பேசி அவள் கேட்டிருப்பாளா? பக்கத்து வீட்டுக்காரவிய என்றுதானே நாங்கள் சொல்வோம்.

"சரி" என்றார் அவர். "அவர்கள்னு போட்டிருக்கே. அது கூட்டமா வந்தாத்தான சொல்லுவாவ?"

"அது மரியாதைக்குப்பா. அப்பா வந்தா அம்மா, அவிய வந்துட்டாவன்னுதான சொல்லுதா? டீச்சர் வந்தாலும் வந்துட்டாவன்னுதான் சொல்லுதோம். அதைப் புஸ்தகத்துல எழுதுனா அவர்கள் வந்தார்கள்தான?"

"பரீட்சையில, அவர்கள் ஒருமையா பன்மையான்னு கேட்டா என்னட்டி எழுதுவ?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"பன்மைன்னு எழுதுவேன். அது இலக்கணம்லா. இது கதை" என்றாள். கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தாள். நான் டைப் அடித்துக் கொடுத்த பத்திரிகை. "இதுல ஒவ்வொரு பேருக்குப் பெறவும் அவர்கள், அவர்கள்னு நீதான் அடிச்சிருக்க. அது எத்தனை பேரும்மா?"

நான் அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் பதினைந்து வருஷத் தொழிலில் ஆயிரக்கணக்கில் அவர்கள் அடித்திருப்பேன். அத்தனையும் ஒவ்வொரு ஆள்தான்.

அந்தப் பத்தியை இப்போது நான் அவள் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். ஒரு வரி இடிக்கவில்லை. அண்டாக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா வாசலைப் பார்த்தாள். அவிய வந்தாவ. பசியோடு வந்த மனுஷன் சிரித்துப் பேசிக்கொண்டே தோசையைத் தின்று மாவைக் காலிபண்ணிவிட்டார். அம்மா கடைக்கு ஓடினாள். அம்மாவுக்கு மட்டும் வார்த்தாள், வாங்கிவந்தாள் என்று ஒருமை. அப்பாவுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டு இலக்கணம் அப்படியே அச்சில் வந்திருந்தது. அந்த ஆத்திரத்தையும் நான் அன்றைக்கு அவரிடம் காட்டினேன், அவர் பாவம் என்ன செய்வார்.

அவர் அப்போது மகளிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "நீ வாசிச்சது தப்பில்ல தாயி. முழுக்க யோசிச்சுத்தான் சொல்லியிருக்க. ஒரு வார்த்தை தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். அண்டைன்னா பக்கம். அண்டை வீட்டார்னா பக்கத்து வீட்டுக்காரவிய. எனக்கே அது ரெண்டாவது தடவ வாசிக்கும்போதுதான் பிடிபட்டுச்சு." தனக்கே பிடிபடவில்லை என்று ஒரு அப்பா பிள்ளையிடம் சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. நான் எங்கள் கடையில்கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. உரித்த வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "இது அம்மா. இது பிள்ளை. இனி யாரு யாரு வாராவளோ அவியளை நீ வையி" என்றார். மகள் முதலிலிருந்து வாசித்தாள். அண்டை வீட்டார் என்றதும் நான்கு வெங்காயத்தை எடுத்து வாசல் பக்கமாக வைத்தாள். அவர்கள் வந்தார்கள் என்றதும் நான்கையும் நகர்த்தி அம்மா வெங்காயத்துக்கு எதிரே உட்காரவைத்தாள். மாவு தீர்ந்தது ஏன் என்று அவளை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. "நாலு பேரு வந்தா தீராம என்ன செய்யும்" என்று அவளே சொன்னாள். இளையவள் அதற்குள் ஒரு விருந்தாளியை வாயில் போட்டுவிட்டாள். காரம் தாங்காமல் அவள் அழ, இவள் சிரிக்க, அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

என்னால் அதைச் செய்திருக்க முடியாது. நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் என் கையில் பதில் இருக்கும். பிள்ளை சொல்கிற பதில் என் பதிலோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அவருக்கு அந்த வசதி இல்லை. மெதுவாக வாசிக்கிற மனுஷன் என்பதால் அவருக்கு நிஜமாகவே யார் வந்தார்கள் என்று தெரியவேண்டியிருந்தது. அதனால் நிஜமாகக் கேட்டார். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிட்டது. பரீட்சைக்குக் கேட்கிற குரல் எது, ஆசைக்குக் கேட்கிற குரல் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை அவர் கயத்தாறுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. திங்கட்கிழமையே அவர் சொல்லி, மகள் அந்தக் கதைப் புத்தகத்தை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்திருந்தாள். சாயங்காலம் சரியாகப் போன் வந்தது. "கதைப் புஸ்தகத்தை எடு தாயி. ஒரு பக்கம் வாசி" என்றார். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் யாரோ தேங்காய் கேட்கிற சத்தமும் கேட்டன. மகள் வாசித்தாள். நடுவில் நிறுத்தி, "அந்த ஆளு ஏன் திரும்பிப் போனான்?" என்றார். அவள் சொன்னாள். "இரு, அப்பளம் போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள அடுத்து என்ன நடக்கும்னு நெனச்சு வையி. பாக்காத, நெனச்சு வையி" என்று போனை எங்கேயோ வைத்துவிட்டார். அப்பளம் பொரிகிற சத்தம் இங்கே கேட்டது. என் மகள் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். நான் நேரம் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பாள். அன்றைக்கு அரைமணி நேரம் ஆனது.

அவர் திரும்பி வந்து, "என்ன நடக்கும்?" என்றார். அவள் தன் ஊகத்தைச் சொன்னாள். பிறகு பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். ஊகம் தப்பு. "நீ சொன்னது இதைவிட நல்லாருக்கு" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

எனக்கென்று ஒரு வேலை வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் என் வேலை என்று முதல் நாள் புரிந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை ஒரு வார்த்தையில் தடுக்கினால் என் நாக்கு தானாகத் துடிக்கும். எழுந்துபோய் விளக்கியிருந்த பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன்.

புதன்கிழமை கடையில் ஒன்று நடந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், வயல் வேலையிலிருந்து நேராக வந்தவர், காலெல்லாம் கரிசல் மண். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டி வாசித்துக் காட்டச் சொன்னார். நான் மடமடவென்று வாசித்தேன். மேற்படி, பார்வையில் காணும், உரிய ஆவணங்களுடன் என்று எல்லாம் வந்தது. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தாயி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் போனேன். மூன்றாவது பத்தியில் இருந்தது. என் மகளுக்குப் போட்ட அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் என்னையும் உட்கார வைக்கலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "ஏட்டி, தலை வலிக்கு. வாசிக்க வேண்டாம். நேத்து வாசிச்சதை நம்ம பேச்சுல எனக்குச் சொல்லு" என்றேன். கதைப் புத்தகத்தில் புத்தகத் தமிழில் இருந்ததையெல்லாம் அவள் எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னாள். அரசன் அவிய ஆனான். காடு முள்ளுக்காடு ஆயிற்று. அமைச்சர் ராசாவை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. எங்கே சொல்லத் திணறினாளோ அங்கேதான் அவளுக்கு வார்த்தை புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த இடத்தை மட்டும் இரண்டு பேருமாகப் பார்த்தோம். இவ்வளவு சுலபமான சோதனையை நான் பத்து ஜெராக்ஸ் எடுத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் கயத்தாறு வேலையை முடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கையில் போளிப் பொட்டலம். "தேறினாத்தான் போளியா?" என்று மகள் கேட்டாள். "தேறாட்டியும் போளிதான். நான் வாங்கிட்டேன்லா" என்றார்.

டீச்சர் எங்களை வகுப்பு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தார். இந்தத் தடவை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. உதடு அசைய, விரலை வைத்து, அவள் அப்பாவைப் போலவே போனாள். இரண்டு இடத்தில் விரல் நின்றது. மேலே போய், முன்னால் வந்த வரியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வந்தது. இளையவள் மூன்றாம் வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் கையை ஆட்டினாள்.

மகள் நிமிர்ந்து, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்றாள். "ஓட்டுநரும் நடத்துநரும் டீ குடிக்கப் போனாவன்னு இருக்கு. பெறவு, அவர்கள் திரும்பி வந்தார்கள்னு இருக்கு. இந்த அவர்கள் கூட்டமா, மரியாதையா?"

டீச்சர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். தாளை வாங்கிப் பார்த்தார். "நீ என்ன நெனைக்க?" என்றார்.

"ரெண்டு பேரு போனாவ. ரெண்டு பேரு திரும்பி வந்தாவ. அப்போ கூட்டம். ஆனா நடத்துநர்னா யாரு டீச்சர்? கண்டக்டரா?"

"கண்டக்டர்தான்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு ஐந்து கேள்வியையும் கேட்டார். நான்குக்குச் சரியாகச் சொன்னாள். ஒன்றில் தப்பு விட்டாள், ஆனால் ஏன் அப்படி நினைத்தாள் என்று சொன்னாள். டீச்சர் வெளியே வந்து, "மூணாங்கிளாஸுக்கு வேண்டாம். இங்கயே இருக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

"பத்து நாள்ல எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன்.

அவர் கூச்சத்தோடு, "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல டீச்சர். எனக்குத் தெரியாததைக் கேட்டேன், அவ சொன்னா" என்றார்.

அண்டா கதையை நான் சொன்னேன். டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. உள்ளே போய் பீரோவிலிருந்து அந்தப் பழைய விடைத்தாளை எடுத்துவந்து, நின்றபடியே முதலிலிருந்து வாசித்தார். "இதை நான் இப்படி வாசிச்சுப் பாக்கலம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மனசு வேண்டும். தாளை எங்களிடமே கொடுத்துவிட்டார்.

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. மகள்கள் இரண்டு பேரும் போளியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தத் தாளை விரித்து, விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் பிடுங்கவில்லை. பக்கத்தில் நின்று அவர் வேகத்திலேயே நானும் வாசித்தேன்.

வீட்டிற்கு வந்தவர்கள் யார்? அப்பா. அம்மா ஏன் கடைக்குப் போனாள்? அப்பாவுக்கு நல்ல பசி. அவர் சிரித்துக்கொண்டே அடுத்தடுத்த பதிலுக்குப் போனார். கடைசிக் கேள்வியில் விரல் நின்றுவிட்டது.

அம்மா ஏன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்?

அதற்குக் கீழே என் மகளின் குண்டு எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தது. "அப்பா வருவார் என்றுதான். அப்பா வரும்வரை அம்மா சாப்பிட மாட்டாள். கேட்டால் பசி இல்லை என்பாள்." அதற்கு நேராகவும் சிவப்புக் கோடு இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் வருகிற நாளில், இதோ வருகிறேன் என்று போன் போட்டுவிட்டு வேலை இழுத்து வராமலே போகிற நாளில், நான் சாப்பிடாமல் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருப்பது உண்டு. எரிந்து விழுவது எல்லோருக்கும் கேட்கும். இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வாசித்தது புரியாத பிள்ளை என்று நான் யாரைக் கிள்ளினேனோ, அவள் என்னை வரி விடாமல் வாசித்து வைத்திருக்கிறாள்.

அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். வேறென்ன கேட்பார். "எத்தனை நாளா?" என்றார்.

"பஸ் வருதான்னு பாருங்க" என்றேன்.

வாயில் போளியோடு மகள்தான் பதில் சொன்னாள். "அது கேள்வியில இல்லப்பா. ஆனா எனக்குத் தெரியும். நீங்க வாரேன்னு சொல்லிட்டு வராத எல்லா நாளும்."

அன்றிலிருந்து அவர் வரமுடியாவிட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போன் வந்துவிடுகிறது. "நான் வரல, நீ சாப்பிட்டியா?" என்கிறார். "சாப்பிட்டேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மகள் தலையைத் தூக்கி ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கிறாள். நான் போய்த் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொள்கிறேன்.